பளபளப்புக்கும் ஓர் அளவு உண்டு

துவரம்பருப்பு வாங்க வருபவர் முதலில் நாலு பருப்பைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறார். மின்னினால் நல்ல சரக்கு. மங்கலாக இருந்தால் பழைய சரக்கு என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். கொள்முதல் செய்யும்போது நாமும் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கிறோம், மினுக்குக்கு விலையும் கூடுதலாகக் கொடுக்கிறோம். ஆகவே இந்தப் பளபளப்பு என்பது என்ன என்று வணிகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வழுவழுப்பான பரப்பில் விழும் வெளிச்சம், விழுந்த அதே சாய்வில் எதிர்ப்புறமாகத் திரும்புகிறது. அதுதான் பளபளப்பு. சொரசொரப்பான பரப்பில் அது நாலாபக்கமும் சிதறிவிடும். நிறம் தெரியும், மினுக்கு இராது.

இதை அளக்கப் பெயிண்டு, டைல்ஸ் தொழிற்சாலைகளில் கையடக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். பெயர் கிளாஸ் மீட்டர். (கண்ணாடிக்கும் இந்தக் 'கிளாஸு'க்கும் சம்பந்தமில்லை, இது பளபளப்பைக் குறிக்கும் வேறு சொல்.) செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் ஒளியைப் பாய்ச்சி, எதிர்ப்புறம் அதே சாய்வில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று இது பார்க்கும். மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவார்கள். 100 என்றதும் முழு வெளிச்சமும் திரும்பி வருவதாக எண்ண வேண்டாம். அந்தச் சாய்வில் கறுப்புக் கண்ணாடி திருப்புவது சுமார் பத்தில் ஒரு பங்குதான்! முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தால் கணக்கு பல நூறைத் தாண்டிவிடும். 60 டிகிரியில் 70க்கு மேல் வந்தால் 20 டிகிரியிலும், 10க்குக் கீழே வந்தால் 85 டிகிரியிலும் அளப்பது முறை. எனவே பெயிண்டு விற்கும் அன்பர்கள், கம்பெனிக்காரர் பளபளப்பு 80 என்றால் எந்த டிகிரியில் என்று கேட்க வேண்டும்.

வலையபட்டி முதலான செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீட்டுச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பை மாவாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல பூச்சுப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுக்கு அது. மேடுபள்ளம் போனதால் வந்த பளபளப்பு. ஆத்தங்குடி டைல் கதை வேறு. அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே டைலில் படிந்துவிடுகிறது. உள்ளே சிமெண்டு சரியாக இறுகியதா என்பதை அந்த மினுக்கு சொல்லாது.

பருப்பிலும் இதே சங்கதிதான். ஆலையில் தண்ணீரோ எண்ணெயோ தெளித்து உரசும்போது மேலே ஒட்டிய மாவு போய்விடுகிறது. மெல்லிய எண்ணெய்ப் படலம் நுண்ணிய பள்ளங்களை நிரப்புகிறது. பரப்பு மாறிற்றே தவிர, பருப்பு மாறவில்லை. புதுசா பழசா, சீக்கிரம் வேகுமா என்பதெல்லாம் மினுக்கில் தெரியாது. நிறம் ஏற்றிய பருப்பும் இந்த மினுக்கோடு கலந்து வந்துவிடலாம். அது சட்டப்படி கூடாது. பிடிபட்டால் விற்ற கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டும்.

கடையில் கருவி வேண்டியதில்லை. ஒரு பிடி பருப்பை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் எண்ணெய்க் கறை தெரியும். இன்னொரு பிடியைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அலசாத பருப்போடு ஒரே விளக்கின் கீழ், ஒரே சாய்வில் வைத்துப் பாருங்கள். அலசிய தண்ணீரில் நிறம் இறங்கியிருந்தால் அந்த மூட்டையைத் தனியே வைத்து, கொடுத்தவரிடம் கேளுங்கள். பில்லும் அதில் உத்தரவாத வாசகமும் இருந்தால்தான் அப்போது பேச்சு எடுபடும்.