'உன்னைப்போல் ஒருவன்': பாராட்டு சரி, நெருடல் எங்கே?

மொட்டைமாடியில் இருந்து ஒருத்தர் போலீஸ் கமிஷனருக்கு போன் போடுகிறார். நகரம் முழுக்க குண்டு. காவலில் உள்ள நான்கு பேரை விட்டால்தான் ஊர் தப்பிக்கும். மொத்த சென்னையும் பணயம்!

நீரஜ் பாண்டேயின் இந்திப் படமான 'எ வெட்னஸ்டே' (2008) ஓராண்டிலேயே, 2009 செப்டம்பரில், சக்ரி டோலேட்டி இயக்கத்தில் தமிழுக்கு வந்தது. நஸீருதீன் ஷா இடத்தில் கமல், அனுபம் கெர் இடத்தில் மோகன்லால். மலையாள வாசனையோடு மோகன்லால் பேசும் தமிழும், இரா. முருகன் வசனமும் இன்றும் அலுக்காதவை.

சிக்கல், கோபத்தில்தான். இந்தி நாயகனின் ஆத்திரம் 2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் பிறந்தது. 180 பேருக்கு மேல் பலி. தினமும் லோக்கலில் தொங்கிப் போகிறவருக்கு அதை விளக்கவே வேண்டாம். சென்னைக்கு அப்படியொரு நாள் இல்லை. நம் காயம் 1998 கோவை. அதனால் கமலின் நீண்ட பேச்சு, எவ்ளோ அழுத்தமாக இருந்தாலும், கடன் வாங்கிய கோபமாகவே எனக்குப் பட்டது.

விசாரணையே இல்லாமல் கொல்வது சாமானியனின் நீதியா என்ற கேள்வி இரண்டு படங்களுக்குமே உண்டு. தமிழில் நால்வரில் ஒருவரை இந்து ஆயுத வியாபாரியாக (சந்தானபாரதி) மாற்றிப் பார்த்தார்கள். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.