டபிள்யூ. சி. ஹேண்டி

வில்லியம் கிறிஸ்டோபர் ஹேண்டி (நவம்பர் 16, 1873 – மார்ச் 28, 1958) ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கக் கார்னெட் கலைஞர், பாடலாக்குநர், இசைக்குழுத் தலைவர், இசைப் பதிப்பாளர் ஆவார். இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இசை ஆசிரியராகவும் பணியாற்றினார். கார்னெட் என்பது ட்ரம்பெட்டை ஒத்த, சற்றுக் கச்சிதமான பித்தளை ஊதுகருவி. இவர் "புளூஸின் தந்தை" எனப் பரவலாக அழைக்கப்படுகிறார். ஆனால் புளூஸை இவர் உருவாக்கவில்லை. வாய்வழி வழங்கிவந்த அந்த இசையை எழுத்தில் கொண்டுவந்து பதிப்பித்ததே இவரது பணி.

இளமை

ஹேண்டி அலபாமா மாநிலத்தின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஒரு போதகர். தேவாலயத்துக்கு வெளியே உள்ள இசையைப் பாவமாகக் கருதியவர். சிறுவன் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிவந்த கித்தாரைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் செய்து, ஆர்கன் கற்க அனுப்பினார். ஹேண்டி பின்னர் வீட்டுக்குத் தெரியாமல் கார்னெட் பயின்றார்.

1892 இல் ஆசிரியர் தேர்வில் தேறினார். ஆயினும் சம்பளம் மிகக் குறைவு என்பதால் குழாய் வார்ப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். தொடர்ந்து ஒரு நால்வர் பாடற்குழுவுடன் ஊர் ஊராகச் சென்றார். செயின்ட் லூயிஸ் நகரில் கையில் காசின்றி ஆற்றங்கரைக் கற்தளத்தில் உறங்கிய நாட்களும் உண்டு. 1896 இல் மகாராவின் மின்ஸ்ட்ரல் குழுவில் வாரம் 6 டாலர் சம்பளத்தில் சேர்ந்தார். இக்குழுவுடன் 1900 இல் கியூபா சென்றபோது கேட்ட தாள நடை பிற்காலத்தில் இவருக்குப் பயன்பட்டது.

கல்லூரி ஆசிரியர்

1900 முதல் 1902 வரை, இன்று அலபாமா வேளாண், இயந்திரவியல் பல்கலைக்கழகம் எனப்படும் நிறுவனத்தில் இசை கற்பித்தார். அங்கு ஐரோப்பிய செவ்வியல் இசைக்கே மதிப்பிருந்தது. கறுப்பின மக்களின் சொந்த இசை தாழ்வாகக் கருதப்பட்டது. எனவே ஒரு ராக்டைம் பாடலுக்கு எயித்தி விடுதலை வீரர் தூசான் லூவெர்த்யூரின் பெயரில் ஒரு கம்பீரமான தலைப்பிட்டு மேடையேற்றியதாகவும், அதை அனைவரும் வியந்து பாராட்டியதாகவும் தன் வரலாற்றில் கூறுகிறார். ஊர்சுற்றி வாசித்தால் ஆசிரியர் சம்பளத்தைவிடக் கூடுதலாக ஈட்டலாம் என்பதும் அவர் கல்லூரியை விட்டதற்கு ஒரு காரணம்.

மிசிசிப்பியில்

1903 இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகரில் ஓர் இசைக்குழுவின் தலைமையை ஏற்றார். அக்காலத்தில் டட்வைலர் தொடருந்து நிலையத்தில், கந்தல் உடுத்த ஒருவர் கித்தார் நரம்புகளின் மேல் கத்தியை வழுக்கவிட்டு, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடக் கேட்டார். இதைவிட முக்கியமானது அதே மாநிலத்துக் கிளீவ்லாந்து என்னும் சிற்றூரில் நடந்தது. நடன நிகழ்ச்சி ஒன்றில் ஹேண்டியின் குழு ஓய்வெடுத்தபோது உள்ளூர்க்காரர் மூவர் பழைய நரம்பிசைக் கருவிகளை மீட்டினர். அவர்கள் காலடியில் நாணயங்கள் மழையாகக் கொட்டின. முழு நிகழ்ச்சிக்கும் தம் குழுவினர் பெற்றதைவிட அத்தொகை அதிகம் என ஹேண்டி எழுதுகிறார். இசையைத் தாளில் எழுதத் தெரிந்த ஒருவர், எழுதப்படாத இசையின் மதிப்பை உணர்ந்த இடம் இதுவே எனலாம்.

50 டாலர்

1909 இல் மெம்பிஸ் நகரில், மேயர் தேர்தலில் நின்ற எட்வர்ட் கிரம்ப் என்பவருக்காக ஒரு மெட்டு அமைத்தார். 1912 இல் அதனைத் தம் சொந்தச் செலவில் "மெம்பிஸ் புளூஸ்" என அச்சிட்டார். பிரதிகள் விற்கவில்லை என அவரிடம் கூறப்பட்டது. அதை நம்பி 50 டாலருக்கு முழு உரிமையையும் விற்றுவிட்டார். பாடல் நாடெங்கும் புகழ்பெற்றது; வருவாய் பிறருக்குச் சென்றது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை முதலில் 28 ஆண்டுகள் நீடித்தது. அதன்பின் புதுப்பிக்கும் உரிமை ஆக்கியோனுக்கு உண்டு. இதனால் 1940 இல்தான் பாடல் அவர் கைக்குத் திரும்பியது.

இதன்பின் ஹேண்டி தம் பாடல்களைத் தாமே பதிப்பிக்கத் தொடங்கினார். வங்கிப் பணி அறிந்த ஹாரி பேஸ் என்பவருடன் சேர்ந்து பேஸ் அண்ட் ஹேண்டி நிறுவனத்தை நடத்தினார். 1914 இல் வெளியான "செயின்ட் லூயிஸ் புளூஸ்" இவ்வாறே அவர் உடைமையாக நிலைத்தது. செயின்ட் லூயிசில் வறுமையில் திரிந்தபோது, கணவனை எண்ணிப் புலம்பியபடி தெருவில் சென்ற ஒரு பெண்ணைக் கண்ட நினைவே இதன் கரு.

பாடலின் அமைப்பு

வழக்கமான புளூஸ் பாடலில் ஒரு சுற்று 12 பார்களைக் கொண்டது. ஒரு பாருக்கு நான்கு தட்டுகள். முதல் அடி பாடப்படும். அதுவே மீண்டும் வரும். மூன்றாம் அடி அதற்கு விடை போல் அமையும். ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ இரண்டு பார்களில் முடிந்துவிட, எஞ்சியதைக் கருவி நிரப்பும். மூன்றாம், ஏழாம் சுரங்கள் சற்றுத் தாழ்த்தி ஒலிக்கப்படும். "செயின்ட் லூயிஸ் புளூஸ்" இந்த 12 பார் வடிவத்துடன் நில்லாமல், கியூபாவின் அபனேரா தாளத்தில் 16 பார் பகுதி ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. 1925 இல் பெஸ்ஸி ஸ்மித் இதைப் பாட, லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் வாசித்த ஒலிப்பதிவு மிகவும் புகழ்பெற்றது.

பிற்காலம்

நிறுவனம் நியூயோர்க்கிற்கு இடம் மாறியது. பேஸ் விலகி 1921 இல் பிளாக் சுவான் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்க, ஹேண்டி பதிப்புத் தொழிலைக் குடும்பத்தினருடன் தொடர்ந்தார். 1926 இல் புளூஸ் பாடல் தொகுப்பு ஒன்றையும், 1941 இல் தன்வரலாற்றையும் வெளியிட்டார். 1943 இல் சுரங்கத் தொடருந்து நிலையத்தில் தவறி விழுந்தபின் பார்வையை இழந்தார்.

"புளூஸின் தந்தை" என்ற பட்டத்தை 1938 இல் ஜாஸ் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் கடுமையாக மறுத்தார். மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. டட்வைலரில் பாடியவரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவருக்குப் பதிப்புரிமையும் இருக்கவில்லை.