வீங்கவும் வேண்டும், வடியவும் வேண்டும்

காலில் கருவேல முள் ஏறினால், மறுநாள் காலைக்குள் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டு, விண் விண்ணென்று தெறிக்கும். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற இந்த நான்கு அடையாளங்களையும் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் தம் மருத்துவ நூலில் எழுதிவைத்தார். இதைத்தான் மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள். நம்மில் பலர் இதையே நோய் என்று நினைத்து, அடக்குவதற்கு மாத்திரை தேடுகிறோம். ஆனால் முள்ளும் கிருமியும் உள்ளே வந்ததற்கு நம் உடல் செய்யும் பதில் வேலைதான் இந்த வீக்கம்.

தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

தோலுக்கு அடியில் மாஸ்ட் செல்களும், மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் அணுக்களும் எப்போதும் காவலுக்கு இருக்கின்றன. கிருமி நுழைந்ததும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளிவிடும். அதனால் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரியும். ரத்தம் கூடுதலாகப் பாயும். சிவப்பும் சூடும் அதனால் வருபவை. குழாய்ச் சுவரின் இடுக்குகள் வழியே நீரும் புரதமும் கசிவதால் வீக்கம் வருகிறது. புரோஸ்டகிளாண்டின் முதலிய ரசாயனங்கள் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வலி வருகிறது. வலி இருப்பதால்தான் அந்தக் காலை ஊன்றாமல் நடக்கிறோம். புண் ஆற இடம் கிடைக்கிறது.

அடுத்த சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. கிருமிகளை விழுங்கி, அவற்றோடு தாமும் மடிகின்றன. புண்ணிலிருந்து வடியும் சீழில் பெரும்பகுதி இப்படி மடிந்த அணுக்கள்தான். பிறகு மேக்ரோஃபேஜ்கள் அந்தக் குப்பையை அள்ளி, புதுத் திசு வளர வழி செய்கின்றன.

ரோஜா முள் சொன்ன சேதி

அணுக்கள் இப்படிக் கூடி விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, அதன் பொருளை விளக்கியவர் இலியா மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி. 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. உடலைக் காக்க அணுக்களே அந்நியப் பொருளை விழுங்குகின்றன என்ற அவருடைய விளக்கத்துக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வந்திருப்பது கிருமிதான் என்று அணுக்கள் எப்படி அறிகின்றன? கிருமிகளுக்கே உரிய சில மூலக்கூறுகளை அடையாளம் காணும் ‘டோல்’ வகை ஏற்பிகள் அவற்றின் மேல் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த ஜூல்ஸ் ஹாஃப்மனும் புரூஸ் பாய்ட்லரும் 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

காய்ச்சல், நெறி, ஊசி போட்ட வீக்கம்

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். புண்ணிலிருந்து கிருமியின் துணுக்குகளைச் சில அணுக்கள் நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. அங்கே அந்தக் கிருமிக்கென்றே அமைந்த டி, பி என்ற வெள்ளை அணுக்கள் பெருகுவதால்தான் முடிச்சு வீங்குகிறது. முதல் தடவை இந்த ஏற்பாட்டுக்குச் சில நாட்கள் பிடிக்கும். அதே கிருமி மறுபடி வந்தால், நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் விரைந்து எழுகின்றன.

தடுப்பூசி பயன்படுத்துவது இந்த நினைவைத்தான். ஊசி போட்ட கை வலிப்பதும், குழந்தைக்கு லேசாக உடம்பு சுடுவதும் பெரும்பாலும் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டதன் அறிகுறிகள். நம் தோளில் பி.சி.ஜி. ஊசி விட்டுப்போன தழும்பும் ஓர் அழற்சியின் மிச்சம்தான்.

காய்ச்சலும் இந்தக் கணக்கில் சேரும். வெள்ளை அணுக்கள் வெளிவிடும் சைட்டோகைன்கள் மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் சேதி அனுப்ப, அது உடல் வெப்பத்தைக் கூட்டுகிறது. அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டிச் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கவைக்கும். மருத்துவர் சி.ஆர்.பி. பரிசோதனை எழுதித் தருவது, உடலுக்குள் அழற்சி எவ்வளவு என்று அறிவதற்காக. அது எங்கே, எதனால் என்பதை அந்த எண் மட்டும் சொல்லிவிடாது.

அடங்காத அழற்சி

வயலுக்கு மடை திறப்பதைப் போன்றதுதான் அழற்சி: நேரத்தில் திறக்க வேண்டும், பாய்ந்ததும் அடைக்க வேண்டும். அடைக்கும் வேலைக்கும் உடலில் ஆள் உண்டு. சொந்த உடலைத் தாக்காதபடி மற்ற அணுக்களைக் கட்டுப்படுத்தும் டி அணுக்களைப் பற்றிய ஆய்வுக்காகத்தான் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சாகாகுச்சி மூவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் கிடைத்தது.

இந்தக் கட்டுப்பாடு தவறும்போது, கிருமியே இல்லாத இடத்திலும் அழற்சி மூளும். முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வு தாக்கப்படுகிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது அதன் முக்கியமான அடையாளம்.

வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் அழற்சியும் உண்டு. தொப்பைக்குள் சேரும் கொழுப்பு அழற்சி ரசாயனங்களைச் சுரந்து, இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. புகைப்பழக்கமும் ஈறு நோயும் அதற்குத் துணைபோகின்றன. இதய ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவு உருவாவதிலும் வெடிப்பதிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு. மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘கான்டோஸ்’ ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. கொலஸ்டிராலைக் குறைக்காமல், அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசியாலேயே மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வருவது சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஊசி போட்டவர்களிடம் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றே கூடியிருந்தன.

அடக்கும் மருந்தின் மறுபக்கம்

அழற்சியை அடக்கும் மருந்து காப்பதும் உண்டு, கெடுப்பதும் உண்டு என்பதைக் கொரோனா காலம் நமக்கு நேரடியாகவே காட்டியது. 2020 ஜூனில் வெளியான பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. ஆனாலும் இரண்டாம் அலையின்போது தேவையில்லாதவர்களும் ஸ்டீராய்டை விழுங்கினார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத, ஸ்டீராய்டு எடுத்தவர்களைத்தான் கருப்புப் பூஞ்சை பெரிதும் தாக்கியது. பலர் கண்ணையே இழந்தார்கள்.

டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்க முடக்குவாதத்துக்குத் தரும் ஊசிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி அணுக்கள் எழுப்பும் வளையம் உடையாமல் இருக்க டி.என்.எஃப். வேண்டும். அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளலாம். அதனால்தான் ஊசியைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டலாமா?

‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று விற்கும் பானங்களும் மாத்திரைகளும் எதைக் கூட்டுகின்றன என்று சொல்வதில்லை. எதிர்ப்பு மண்டலம் அளவுக்கு மீறி எழுவதும் நோய்தான் என்பதை முடக்குவாதமே காட்டுகிறது. நமக்குத் தேவை, சரியான நேரத்தில் எழுந்து சரியான நேரத்தில் அடங்கும் எதிர்ப்பு. அதற்கு நிரூபணமான வழிகள் இவை: உரிய தடுப்பூசிகள், போதிய தூக்கம், அன்றாட நடை, புகையை விடுவது, இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, பல் ஈறுகளைப் பேணுவது.

கவனிக்க வேண்டியவை

- புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவினாலோ, செந்நிறக் கோடு மேலேறினாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.
- காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
- சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் புண் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். தினமும் பாதத்தைப் பாருங்கள்.
- முதியவர்களுக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம்.
- டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்ட பிறகும் கவனம் தேவை.
- நெறிக்கட்டி சில வாரங்களாகியும் வடியாமலோ, கல்லைப் போல் இறுகியோ இருந்தால் காட்டுங்கள்.
- சேர்மானம் அச்சிடாத வலிப் பொடிகளைத் தொடாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

சின்ன வீக்கத்தையும் லேசான காய்ச்சலையும் கண்டு பதற வேண்டாம். வடியாத வீக்கத்தையும் விடாத காய்ச்சலையும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையால் மூடி மறைக்கவும் வேண்டாம். அவற்றின் காரணத்தை மருத்துவர் கண்டுபிடிக்கட்டும்.