கியூஆர் அட்டையைக் கழற்றிய கடைகள்

2025 ஜூலையில் பெங்களூரில் ஒரு வேடிக்கை நடந்தது. பேக்கரி, டீக்கடை, பீடாக் கடை என்று சின்னக் கடைக்காரர்கள் பலர் கியூஆர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, “யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்” என்று எழுதித் தொங்கவிட்டார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் மென்பொருள் எழுதித் தருகிற ஊரில்!

காரணம் ஒரு நோட்டீஸ். 2021-22 தொடங்கி நான்கு நிதியாண்டுகளில் யார் கணக்குக்கு யுபிஐ வழியாக எவ்வளவு வந்தது என்ற விவரத்தைக் கர்நாடக வணிக வரித்துறை வாங்கிப் பார்த்தது. வரம்பைத் தாண்டியும் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர்களுக்கு நோட்டீஸ் போனது. பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் வரம்பு. டீக்கடை சேவையில் சேரும். 20 லட்சம் பெரிய தொகை மாதிரித்தான் தெரியும். 365-ஆல் வகுத்துப் பாருங்கள்: நாளைக்கு 5,500 ரூபாய்கூட இல்லை. 15 ரூபாய் டீ 370 ஓடினால் தாண்டிவிடும். இது விற்றுமுதல்தான்; பால், சர்க்கரை, கேஸ், வாடகை, ஆள் கூலி போக மிஞ்சுவது வேறு.

இங்கேதான் தரவின் சுபாவத்தைக் கவனிக்க வேண்டும். யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு அனுப்பினார் என்பது யுபிஐக்குத் தெரியும். எதற்கு அனுப்பினார் என்பது தெரியாது. மச்சான் கொடுத்த கைமாற்று, சீட்டு எடுத்த பணம், பிள்ளையின் ஃபீஸுக்கு அக்கா போட்டது எல்லாம் அதே கணக்கில்தான் விழும். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிற தள்ளுவண்டிக்காரர் எத்தனை பேர்? விற்ற சரக்குக்கு வரி உண்டா என்பதும் அந்தப் பட்டியலில் இராது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு, நாலு வருஷ வரவு 1.63 கோடி, கட்ட வேண்டியது 29 லட்சம் என்று நோட்டீஸ் வந்தது. மொத்த வரவுக்கு 18 சதவீதம் போட்டால் கிட்டத்தட்ட அந்தத் தொகைதான் வருகிறது. பச்சைக் காய்கறிக்கோ ஜிஎஸ்டியே கிடையாது.

துறை பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சட்டம் 2017-லிருந்து இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்கு, விற்றுமுதலில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டம் உண்டு. வியாபாரிக்கு 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம், அவ்வளவுதான். என் குறை வேறு. இந்த வலையில் சிக்கியவர்கள், டிஜிட்டலுக்கு வாருங்கள் என்று அரசு கூப்பிட்டபோது நம்பி வந்தவர்கள். இவர்களைவிடப் பத்து மடங்கு விற்று, எல்லாவற்றையும் ரொக்கமாகக் கல்லாவில் போட்டவர் இதில் தென்படவே மாட்டார். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் தேடினால் அங்கே இருப்பவர்தானே அகப்படுவார்? பணம் வாங்கக் கட்டணமில்லை என்று சொல்லித்தான் அட்டையை ஒட்டினார்கள். இந்த வரவையெல்லாம் நாலு வருஷம் கழித்து வேறொருவர் வேறொரு கேள்வியோடு புரட்டுவார் என்று ஒட்டும்போது யாரும் சொல்லவில்லை.

வியாபாரிகள் ஜூலை 25-க்குக் கடையடைப்பு அறிவித்தார்கள். அதற்குள் முதல்வர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியை வசூலிக்கமாட்டோம், ஆனால் பதிவு செய்யுங்கள் என்றார். போராட்டம் ஓய்ந்தது.

கடை வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு திறங்கள். கைமாற்று, சீட்டுப் பணத்தை அந்தக் கணக்கில் வாங்காதீர்கள். மண்டியில் தரும் துண்டுச் சீட்டைக் கசக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.