ஆடிக் காற்றில் குட்டி விமானம்!
எது சாது? எது முரடு?

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். ஆண்டிபட்டிக்காரர்களுக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்கத் தேவை இல்லை. தென்மேற்குப் பருவத்தில் மலை தாண்டி வரும் காற்று, அந்த வட்டாரத்துக் காற்றாலைகளை விடாமல் சுழற்றுகிறது.

அந்தக் காற்றில் ஒரு குட்டி விமானம் பறந்தால் என்ன ஆகும்?

அது விமானத்தைப் பொறுத்தது! மாட்டுக்கு மாடு குணம் மாறும் அல்லவா? விமானமும் அப்படித்தான். நம் நாட்டுப் பயிற்சிக் கூடங்களில் பறந்த சில விமானங்களின் குணத்தைப் பார்ப்போம்.

கூரை இல்லாத விமானம்

முதலில் "டைகர் மாத்". 1931-ல் இங்கிலாந்தில் பிறந்தது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. அதன் மேல் துணி போர்த்தி இருக்கும். கூரை கிடையாது. முகத்தில் காற்று அறையும். முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர். இருவரும் பேசிக்கொள்ள ஒரு குழாய்! பிரேக் கிடையாது. முன்னால் உள்ள காற்றாடியைக் கையால் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்புவார்கள்.

கைத்தடியை இடது பக்கம் சாய்த்தால், விமானம் இடது பக்கம் சாயும். ஆனால் மூக்கு மட்டும் முதலில் வலது பக்கம் இழுக்கும்! அதே நேரத்தில் காலால் சுக்கான் மிதியை அழுத்தினால்தான் ஒழுங்காகத் திரும்பும். "ஓட்டுவது சுலபம். நன்றாக ஓட்டுவது கஷ்டம்" என்று விமானிகள் இதைப் பற்றிச் சொல்வது உண்டு.

பெங்களூர்ப் பிள்ளைகள்

அடுத்தது எச்.டி.2. பெங்களூரில் உருவாகி, 1951-ல் முதன்முதலாகப் பறந்தது. உலோக உடம்பு. உட்காரும் இடத்துக்கு மேல் மூடி உண்டு. இறக்கை கீழே அமைந்தது. டைகர் மாத்தைவிட எடை அதிகம். ஆகவே சின்னக் காற்றுக்கெல்லாம் துள்ளாது.

1958-ல் அதே ஊரில் பிறந்தது "புஷ்பக்". 90 குதிரை சக்தி என்ஜின். அதாவது, இரண்டு உழவு டிராக்டர்களின் பலம்தான்! ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இறக்கை தலைக்கு மேலே. வைகை அணை மேல் பறந்தால், தண்ணீர் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் திரும்பும்போது, எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்து பார்வையை மறைத்துவிடும். கீழ் இறக்கை விமானத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தரைதான் மறையும்!

வால் சக்கரத்தின் குறும்பு

இந்த மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முன்னால் இரண்டு சக்கரம். வாலில் ஒரு தாங்கல் அல்லது சின்னச் சக்கரம். பாரமோ முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் ஓடும்போது பக்கக் காற்று வாலைத் தள்ளினால், பின்பாரம் முன்னால் வரப் பார்க்கும். விமானம் தட்டாமாலை சுற்றிவிடும்! காலை அசைத்துக்கொண்டே இருப்பவன்தான் தப்புவான். விமானம் ஓடி நிற்கும் வரையில் அதை ஓட்டியாக வேண்டும்.

அமெரிக்காவின் "செஸ்னா 172" வேறு ஜாதி. 1955-ல் முதலில் பறந்தது. மூன்றாம் சக்கரம் மூக்கின் கீழே. பாரம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், கோணலாக இறங்கினாலும் தானே நேராகப் பார்க்கும். தப்பை மன்னிக்கும் சாது! அதனால்தான் 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள்.

பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடத்தின் "ஹன்சா" 1993-ல் பறந்தது. அதற்கும் மூக்குச் சக்கரம்தான்.

சாது விமானத்தில் மட்டுமே பழகியவன், வால் சக்கர விமானத்தில் தனியாக ஏறக் கூடாது. காலுக்கு மறுபடியும் பாடம் வேண்டும்.

கணவாயில் உயிர்ப் போராட்டம்

இனி ஆண்டிபட்டி மலைக்கு வருவோம். மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மலையின் மேற்குச் சரிவில் மேலே ஏறும். கிழக்குச் சரிவில் கீழே பாயும். மதுரையிலிருந்து தேனிக்குப் பறப்பவன், இந்த இறங்கு காற்றில்தான் முதலில் நுழைவான்!

குட்டி விமானம் நிமிடத்துக்குச் சுமார் 500 முதல் 800 அடிதான் ஏறும். காற்று அதைவிட வேகமாகக் கீழே அழுத்தினால்? என்ஜின் முழு மூச்சாக இரைந்தாலும் விமானம் இறங்கும். மலையோ எதிரே உயர்ந்து வரும். பயத்தில் மூக்கை மேலே தூக்கினால் வேகம் குறையும். இறக்கை காற்றின் பிடியை இழக்கும். பிறகு விமானம் கல்லாக விழும்!

இதற்கு விமானிகள் கற்கும் விதி இரண்டு. ஒன்று, உச்சிக்கு 1,000 அடியாவது மேலே வந்த பிறகே மலையை நெருங்கு. காற்று பலமானால் இன்னும் உயரம் வேண்டும். இரண்டு, மலையை நேராக முட்டாதே, சாய்வாக அணுகு. அப்போதுதான், ஆபத்து வந்தால் சட்டென்று திரும்பித் தப்ப முடியும்.

இந்த விதி டைகர் மாத்துக்கும் உண்டு, செஸ்னாவுக்கும் உண்டு. தரையில் செய்யும் தப்பைச் சாது விமானம் மன்னிக்கலாம். மலைக் காற்று எந்த விமானத்தையும் மன்னிப்பது இல்லை!