முடிவு தேதி இல்லாத ஒப்பந்தம்

அமெரிக்காவிலே ஹூஸ்டன் நகரத்தில் குடியேறியிருக்கும் நம்மவர்கள், ஜூன் முதல் தேதி புயற்பருவம் பிறப்பதற்குமுன், வீட்டு மின்சார ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். டெக்சாஸ் மாகாணத்தின் பெரும்பகுதியில் 2002 முதல் மின்சாரம் விற்கும் கம்பெனியைக் குடித்தனக்காரரே தேர்ந்தெடுக்கிறார். தவணை முடிந்தும் புதுப்பிக்காமல் இருந்துவிட்டால், மாதத்துக்கு மாதம் மாறும் விலைக்கு அவர் ஆளாக நேரும். ஆயினும் 2024 ஜூலையில் பெரில் புயல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை அணைத்தபோது, புதுப்பித்தவரும் புதுப்பிக்காதவரும் ஒரே இருட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். விற்கிற கம்பெனிகள் பலவாயினும் கம்பமும் கம்பியும் ஒரே நிறுவனத்தின் வசம் இருப்பதால், ஒப்பந்தம் விலையைக் காக்குமேயன்றி விளக்கைக் காக்காது.

செட்டிநாட்டிலுள்ள நேமத்தான்பட்டியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே மின்சாரம் தரும் நிறுவனம் ஒன்றே. 1957இல் மின்சார வாரியமாகத் தோன்றி, இன்று தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் பெற்றிருந்தாலும், ஜனங்கள் வாயில் அது என்றும் ஈ.பி.தான். ஒருமுறை கையெழுத்திட்டால் போதும். தவணை இல்லை, புதுப்பித்தலும் இல்லை. இந்தச் சௌகரியமே நம்மை அசட்டையாக இருக்கச் செய்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீளும் ஒரே வீட்டில் பங்காளிகள் பலருக்குப் பாத்தியதை இருக்க, அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வசிக்க, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே கதவு திறக்க, சர்வீஸ் மட்டும் காலஞ்சென்ற ஐயாவின் பெயரிலேயே நடந்துவருவது செட்டிநாட்டில் சகஜம். பதிவான கைபேசி எண்ணோ வழக்கொழிந்துபோன பழைய எண். ஆகவே கட்டணச் செய்தி யாருக்கும் வந்து சேராது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பூட்டிய வீட்டுக்குப் பெரும்பாலும் பாக்கியே எழாதுதான். ஆனால் விசேஷத்துக்குத் திறந்த மாதத்தின் கட்டணம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேட வேண்டியிருக்கும். பங்காளிகள் ஊரில் கூடும் சமயத்திலேயே அதை முடித்துக்கொள்வது உத்தமம். ஆளுக்கொரு தேசத்துக்குத் திரும்பிவிட்ட பிறகு ஒரு கையெழுத்துக்கு ஒரு வருஷம் ஆகும்.

கடற்கரை எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்றிருந்த இந்தப் பக்கத்தின் நம்பிக்கையைக் கஜா அசைத்துவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்தருகே கரையேறிய அந்தப் புயல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துக்கொண்டு, புதுக்கோட்டைச் சீமையைக் கடந்து உள்நாட்டுக்குள் வந்தது. சாய்ந்த கம்பத்தை நிறுத்துவது ஈ.பி.யின் கடமை, மீட்டருக்கு இப்பாலுள்ளது முழுவதும் நம் பொறுப்பு.

ஆதலால் ஐப்பசி பிறக்குமுன் ஒயர்மேனை அழைத்து வருதல் அவசியம். மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய ஒயரின் மேலுறை விரல் பட்டாலே பொடிந்து உதிரும். வளவின் திறந்த முற்றத்தில் அடிக்கும் சாரல் அதன்மேல் இறங்கினால் சுவரிலேயே மின்சாரம் கசியும். எர்த் குழியையும் திறந்து பார்க்க வேண்டும். கோடையெல்லாம் காய்ந்து கெட்டிப்பட்ட செம்மண்ணில், கரியும் உப்பும் இட்ட குழிக்குத் தண்ணீர் ஊற்றுவாரின்றிப் போனால், அந்த எர்த் இருந்தும் பிரயோஜனமில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்த மாத்திரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியை மெயின் சுவிட்சை அடுத்துப் பொருத்திவிட்டால் உயிருக்கு ஆபத்து பெரிதும் குறையும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.

கரண்ட் போனதும் வாடகை ஜெனரேட்டரைச் சேஞ்ச் ஓவர் சுவிட்சு இல்லாமல் வீட்டு ஒயரிலே சொருகும் வழக்கத்தை நான் மன்னிக்கவே மாட்டேன். அந்த மின்சாரம் மீட்டர் வழியே பின்னோக்கி ஏறி, கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் நிற்கும் லைன்மேனின் கையைத் தொடும்.

மின்தடையைத் தெரிவிக்க, ஈ.பி.யின் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண் இரவும் பகலும் இருக்கிறது. வீட்டின் இணைப்பு எண்ணை ஒரு சீட்டில் எழுதி, சாவி வைத்திருக்கும் காவற்காரரிடம் இப்போதே கொடுத்துவைத்தால், புயலன்று அவர் சிங்கப்பூருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.