கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்த காட்சி படத்தில் மங்குவது ஏன்?

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929-இல் அறிமுகமான ரோலைஃபிளெக்ஸ் கேமராவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள் உண்டு. மேல் லென்ஸ் வழியே வரும் ஒளி, 45 பாகை சாய்ந்த ஆடியில் பட்டு, உச்சியிலுள்ள சொரசொரப்பான கண்ணாடியில் காட்சியாக விழுகிறது. படம் பிடிப்பதோ கீழ் லென்ஸ்.

இரண்டும் ஒரே முன்தகட்டில், ஒரு நுகத்தில் பூட்டிய மாடுகள்போல் சேர்ந்தே நகர்கின்றன. கேமரா எப்போதோ கீழே விழுந்திருந்தால்? தகடு கோணலாம், ஆடி இடம் பிசகலாம். அப்போது மேலே தெளிவு, ஃபிலிமில் மங்கல்.

பழைய கேமராவை வாங்கி வைத்துக்கொள்ளுமுன் இதைக் கண்டறிவது எப்படி? பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் இடத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டை, தேய்த்த பக்கம் லென்ஸை நோக்கும்படி வைக்க வேண்டும். லென்ஸ் துளையை முழுதாக அகட்டி, ஷட்டரை ‘பி’ நிலையில் திறந்து பிடித்து, தொலைவிலுள்ள மின்கம்பத்தைப் பார்க்க வேண்டும். மேலே தெளியும்போதே பின்னாலும் தெளிந்தால் இணக்கம் சரி. பக்கத்துப் பொருளிலும் பார்ப்பது நல்லது. தோலுறையின் கிழிசலைவிட இந்தச் சோதனையே முக்கியம்.

அடுத்தது ஷட்டர். குறைந்த வேகங்களைச் சிறு பற்சக்கரங்கள் கட்டுப்படுத்துகின்றன. பழைய எண்ணெய் இறுகினால் 1 நொடி வேகத்தில் சீரான ஓசைக்குப் பதில் திணறல் கேட்கும். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் நூல்நூலாகத் தெரிவது பூஞ்சை. அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தால், துடைத்தாலும் தழும்பு போகாது.